உப்புத் தண்ணீர் குடித்த ஹீட்டர்

மார்கழி பிறந்து நாலாம் நாள், காலை ஐந்தே காலுக்கு எங்கள் வீடு மட்டும் இருட்டானது. தெருவிளக்கு எரிகிறது, எதிர்வீட்டு வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். குளியலறைக்குள்ளிருந்து அம்மா, "கண்ணு, கரண்டு போயிருச்சா?" என்று குரல் கொடுத்தார். மீட்டர் பெட்டியைத் திறந்து பார்த்தால், கரண்ட் கசிந்தால் இணைப்பை வெட்டுகிற ஆர்சிசிபி கீழே விழுந்திருந்தது. தூக்கிவிட்டேன், நின்றது. அம்மா குளித்துவிட்டு வந்து, தண்ணீர் நல்ல சூடு என்றார். அதனாலேயே எனக்கு ஹீட்டர் மேல் சந்தேகம் வரவில்லை. தண்ணீர் சுடுகிறது என்றால் ஹீட்டர் நன்றாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்? அந்த ஒரு நினைப்பால் பத்து நாள் வீணானது.

வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாங்கள் இருப்பது கோவையில், வடவள்ளிப் பக்கம். இந்த ஊரில் நிறைய வீடுகளில் மொட்டை மாடியில் இரண்டு டேங்க் இருக்கும். ஒன்று நல்ல தண்ணி, அதாவது சிறுவாணி. அது குடிக்க, சமைக்க. இன்னொன்று போர்த் தண்ணீர். அதற்குப் பெயரே உப்புத் தண்ணிதான். குளிப்பது, துவைப்பது, கழுவுவது எல்லாம் அதில். 2014ல் மாடி எடுத்துக் கட்டியபோது வாங்கிய 25 லிட்டர் ஹீட்டருக்கும் உப்புத் தண்ணி லைனைத்தான் பிளம்பர் கொடுத்தார். வேறு மாதிரி செய்யலாம் என்று அவருக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. 2018ல் ஒரு முறை, தண்ணீரைச் சூடாக்குகிற காயிலை மாற்றினோம். 2021ல், வேண்டிய சூடு வந்ததும் கரண்டை நிறுத்துகிற தெர்மோஸ்டாட்டை மாற்றினோம். நடுவில் ஒன்றும் செய்யவில்லை.

இரண்டாம் நாளும் அதே நேரத்தில் இருட்டு. மூன்றாம் நாள் காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை. மத்தியானம் யாரும் வெந்நீர் போடவில்லை, ஹீட்டர் சுவிட்ச் அணைந்தே இருந்தது. போர் மோட்டாரைப் போட்ட அடுத்த நொடி 'டக்'. திரும்பத் தூக்கிவிட்டு மோட்டாரைப் போட்டால் திரும்பவும் 'டக்'. சரி, மோட்டார்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். கிணற்றுக்குள் இருக்கிற மோட்டாரை மேலே ஏற்றுவது என்றால் கூலி, குழாய், கேபிள் என்று எங்கே போய் நிற்குமோ என்ற பயம் வேறு.

எங்கள் தெரு முனையில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். மோட்டாரும் பம்பும் செய்கிற ஊர் என்பதால் கோவையில் தெருவுக்கு ஒரு வைண்டிங் கடை பார்க்கலாம். போய்ச் சொன்னேன். "மோட்டாரத் தூக்கறதுக்கு முன்னால மெக்கர் வெச்சுப் பாத்துரலாம் தம்பி, அவசரப்படாதீங்க" என்றார். மெக்கர் என்பது இன்சுலேஷனைச் சோதிக்கிற கருவி. சாதாரண மல்டிமீட்டர் சின்ன பேட்டரி வோல்ட்டில் பார்க்கும். மெக்கர் 500 வோல்ட் கொடுத்துப் பார்க்கும். அதனால் ஒளிந்திருக்கிற கசிவும் அதில் மாட்டிக்கொள்ளும். மோட்டார் கேபிளைக் கழற்றி வைத்துப் பார்த்தார். முள் அசையாமல் நல்ல பக்கமே நின்றது. "மோட்டார்ல ஒன்னுமில்லைங்க. வீட்டுல ஹீட்டர் இருக்குதுங்களா?"

இருக்கிறது, ஆனால் அது அணைந்து கிடக்கும்போதுதான் ட்ரிப் ஆகிறது என்றேன். அவர் சிரித்தார். மாடிக்கு வந்து ஹீட்டர் ப்ளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினார். "இப்ப மோட்டாரைப் போடுங்க." போட்டேன். ஓடியது. அரை மணி நேரம் ஓடியும் ட்ரிப் ஆகவில்லை.

இது எனக்கு நாற்பத்தெட்டு வயது வரை தெரியாத விஷயம். சாதாரணச் சுவர் சுவிட்ச், கரண்ட் வருகிற ஃபேஸ் கம்பியை மட்டும்தான் துண்டிக்கும். கரண்ட் திரும்பிப் போகிற நியூட்ரல் கம்பி எப்போதும் ஒட்டிக்கொண்டே இருக்கும். ஆர்சிசிபி ஒரு கணக்குப்பிள்ளை மாதிரி. போன கரண்டும் திரும்பி வந்த கரண்டும் சமமா என்று மட்டும் பார்க்கும். வீட்டுக்குப் போடுகிற வகையில், 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தாலே கணக்கு உதைக்கிறது என்று இணைப்பை வெட்டிவிடும். எங்கள் ஹீட்டர் காயிலின் உறை வெடித்து, உள்ளே இருக்கும் கம்பி நியூட்ரல் முனைக்குப் பக்கத்தில் உறையைத் தொட்டுக்கொண்டிருந்தது. மோட்டார் ஓடும்போது நியூட்ரலில் திரும்பி வரவேண்டிய கரண்டில் ஒரு துளி, அணைந்து கிடக்கும் ஹீட்டர் வழியாக எர்த்துக்கு ஓடிவிட்டது. குற்றம் ஹீட்டருடையது, பழி மோட்டார் மேல்.

ஆகவே உங்கள் வீட்டில் ஆர்சிசிபி விழுந்தால் சுவிட்சுகளை அணைத்துப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். எல்லா ப்ளக்குகளையும் பிடுங்கிவிட்டு, ஆர்சிசிபியைத் தூக்கி, ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள். முதலில் தண்ணீர் சம்பந்தப்பட்டவை: ஹீட்டர், வாஷிங் மெஷின், மோட்டார். நேரடியாக வயர் கொடுத்திருந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு நியூட்ரலையும் சேர்த்துக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அண்ணன் அடுத்துச் செய்தது இன்னும் சுவாரசியம். பிடுங்கிய ப்ளக்கின் இரண்டு சின்ன பின்களுக்கு நடுவே, சுவிட்சை இயக்காமலே, மல்டிமீட்டரை வைத்தார். 26 ஓம் சொச்சம். 2,000 வாட் காயிலுக்கு 230 வோல்ட்டில் அவ்வளவுதான் வரவேண்டும். 230ஐ 230ஆல் பெருக்கி 2,000ஆல் வகுத்தால் 26.45. அதாவது காயில் அறவில்லை, சரியாகச் சூடாக்கும். பிறகு சின்ன பின்னுக்கும் பெரிய எர்த் பின்னுக்கும் நடுவே வைத்தார். ஒன்றுமே காட்டக்கூடாத இடத்தில் 9 ஓம் காட்டியது. மெக்கரை எடுக்கவே இல்லை. "இதுக்கு மெக்கர் எதுக்குங்க, செத்துப்போச்சு" என்றார். இரண்டு சோதனைக்கும் சேர்த்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மல்டிமீட்டர் இருப்பவர்கள் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு இதை வீட்டிலேயே செய்யலாம். தண்ணீர் ஆறியிருக்க வேண்டும். சூடாக இருந்தால் தெர்மோஸ்டாட் பிரிந்திருக்கும், பின்களுக்கு நடுவே எதுவும் காட்டாது, காயில் போய்விட்டது என்று ஏமாந்துவிடுவோம்.

மறுநாள் காயில் மாற்ற வந்த எலக்ட்ரீஷியன் பையன் இன்னொரு வழி சொன்னான். "அந்த ட்ரிப்பர எடுத்துட்டு டைரக்ட் குடுத்துறலாங்ணா. தண்ணிதான் சுடுதே, சீசன் முடியட்டும்." சாதாரணமாகச் சொன்னான். கெட்ட பையன் இல்லை, நிறைய வீடுகளில் இதைத்தான் கேட்பார்கள் போல. ஈரத் தரையில் நின்று இரும்புக் குழாயைத் தொடுகிற அம்மாவுக்கும் கரண்டுக்கும் நடுவே இருக்கிற முக்கியமான காவலாளி அந்த ட்ரிப்பர்தான், அதாவது ஆர்சிசிபிதான். வேண்டாம் என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

'டைரக்ட்' என்ற வார்த்தையை 2021லும் ஒருவரிடம் கேட்டிருக்கிறேன். அப்போது குழாயைத் திறந்தால் வெந்நீரோடு ஆவி சீறியது. இரண்டு நாள் கழித்துச் சூடே இல்லை. தெர்மோஸ்டாட்டின் முனைகள் ஒட்டிக்கொண்டு கரண்டை நிறுத்தாமலே விட, தண்ணீர் கொதிநிலையை நெருங்கி, அடுத்த காவலான கட்-அவுட் வேலை செய்து துண்டித்திருந்தது. வந்தவர் "கட்-அவுட்தான் போயிருச்சு, டைரக்ட் பண்ணிட்டா சரியாயிரும்" என்றார். போகவில்லை ஐயா, அது தன் வேலையைச் செய்திருக்கிறது! தெர்மோஸ்டாட், கட்-அவுட், சேஃப்டி வால்வு என்று ஒன்றன் பின் ஒன்றாக மூன்று காவல். முதலாவது கெட்டு, இரண்டாவதை நாமே பிடுங்கி, மூன்றாவதை உப்பு அடைத்திருந்தால், மூடிய டப்பாவுக்குள் கொதிக்கிற தண்ணீருக்குப் போக வழியில்லை. ஹீட்டர் வெடித்துச் சுவர் இடிகிற செய்திகள் வருவது இப்படித்தான். கட்-அவுட் விழுந்திருந்தால் அதிலுள்ள சின்னப் பொத்தானை அழுத்திச் சரிசெய்யலாம். ஆனால் அது ஏன் விழுந்தது என்று தெரியாமல் அழுத்தாதீர்கள்.

சரி, காயிலுக்கு வருவோம். ப்ளக்கைப் பிடுங்கி, தண்ணீர் வரும் வால்வை மூடி, அடிமூடியைக் கழற்றினான் பையன். ஹீட்டரைக் காலி செய்ய வெந்நீர்க் குழாயைத் திறந்தால் போதாது. வெந்நீர் வெளியேறுகிற பைப் டேங்க்குக்குள் மேல்மட்டம் வரை போகும், அதனால் உள்ளே இருப்பது இறங்காது. கீழே தண்ணீர் நுழைகிற பக்கத்து ஹோஸைக் கழற்றினால்தான் வடியும். எங்களுடையது அதிலும் வடியவில்லை. கம்பி விட்டுக் குத்தினான். சுண்ணாம்புக் கரைசல் மாதிரி வெள்ளையாகக் கொஞ்சம் வந்து நின்றது. கடைசியில் காயில் பொருத்திய தகட்டின் நட்டுகளைத் தளர்த்தியபோது படபடவென்று கொட்டியது. தண்ணீரோடு கட்டி கட்டியாக உப்பு. குழம்புச் சட்டியில் வைத்தால் அரைச் சட்டி இருக்கும். காயிலைப் பார்த்தால் மண்ணோடு பிடுங்கிய மரவள்ளிக் கிழங்கு மாதிரி இருந்தது. வருடக்கணக்காக ஹீட்டர் போட்டதும் சோளம் பொரிகிற மாதிரி ஒரு சத்தம் வரும். அது உப்புப் பொருக்குக்கு அடியில் மாட்டிக்கொண்ட தண்ணீர் ஆவியாகி வெடிக்கிற சத்தம். நாங்கள் அதை ஹீட்டர் வேலை செய்கிற அடையாளமாக எடுத்துக்கொண்டிருந்தோம்.

இங்கே ஒரு பேச்சைத் திருத்த வேண்டும். உப்பு படிந்தால் ஹீட்டர் கரண்ட் அதிகம் இழுக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். காயில் 26 ஓம் என்றால் உப்பு படிந்தாலும் 2,000 வாட்தான் எடுக்கும். அந்தச் சூடு கடைசியில் தண்ணீருக்குத்தான் போயாக வேண்டும். கெடுவது காயிலின் ஆயுள். சூட்டை உடனே தண்ணீருக்குக் கொடுக்க முடியாமல் காயில் தனக்குள்ளேயே வெந்து, உறை வெடிக்கிறது. வெந்நீர் குறைந்துபோனதற்கும் காரணம் வேறு: டேங்க்குக்குள் உப்பு இடம் பிடித்துக்கொள்கிறது, தெர்மோஸ்டாட் குழலைச் சுற்றிப் பொருக்கு மூடி அது சீக்கிரமே கரண்டை நிறுத்திவிடுகிறது. போர்த் தண்ணீரில் கரைந்திருக்கிற கால்சியம் பைகார்பனேட் சூடு பட்டால் கால்சியம் கார்பனேட்டாக, அதாவது சுண்ணாம்புக்கல்லாக, பிரிந்து படியும். எவ்வளவு அதிகம் சூடாக்குகிறோமோ அவ்வளவு அதிகம் படியும். தெர்மோஸ்டாட்டை 75ல் வைத்திருந்தோம். இப்போது 55லிருந்து 60க்குள்.

காயில் இருந்த அதே தகட்டில் ஒரு மெல்லிய கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. துருப்பிடித்து, கோணலாக, சைக்கிள் ஸ்போக் மாதிரி. அதைப் பார்த்ததும் எனக்கு 2018 நினைவுக்கு வந்தது. அப்போது காயில் மாற்ற வந்தவரிடம் இதே கம்பியைக் காட்டி, இது என்ன என்று கேட்டிருக்கிறேன். "அது ஒன்னுமில்லைங்க, தேஞ்சு போச்சு" என்று சொல்லிவிட்டு, புதுக் காயிலுக்கு இடிக்காமல் ஓரமாக வளைத்துவிட்டார்.

அது ஒன்றுமில்லாதது அல்ல. ஆனோடு ராடு என்பார்கள். மெக்னீசியத்தில் செய்த, விரல் தடிமன் உள்ள குச்சி, நடுவில் ஒரு எஃகுக் கம்பி. ஹீட்டரின் உள் டேங்க் இரும்பு. அதன்மேல் கண்ணாடி மாதிரி எனாமல் பூச்சு. எவ்வளவு நன்றாகப் பூசினாலும் எங்கோ ஊசிமுனை அளவு விடுபட்டிருக்கும். அங்கே தண்ணீர் இரும்பைத் தின்னத் தொடங்கும். பக்கத்தில் மெக்னீசியம் இருந்தால், இரும்பைவிட அது சுலபமாகக் கரையும் என்பதால், தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். கரைந்து தீர்ந்ததும் இரும்பின் முறை. எங்கள் ஹீட்டரில் நாலே வருடத்தில் அது தீர்ந்திருக்கிறது. அன்றைக்கு ஒரு ராடு வாங்கிப் போட்டிருந்தால் ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்திருக்கும். மீதி ஐந்தரை வருடம் அந்த டேங்க் காவல் இல்லாமல் ஓடியிருக்கிறது.

இதெல்லாம் அந்த நிமிடத்தில் எனக்குத் தெரியாது. பையன் புதுக் காயில், தகட்டோரம் கசியாமல் தடுக்கிற புது கேஸ்கெட், டேங்க்கைச் சுரண்டிச் சுத்தம் என்று முடித்து, 1,450 ரூபாய் வாங்கிக்கொண்டு போனான். ட்ரிப் ஆகவில்லை, பொரிகிற சத்தமும் இல்லை. அம்மாவுக்கு மகிழ்ச்சி.

மூன்றாம் நாள் ஹீட்டருக்கு அடியில் சொட்டு.

முதலில் சேஃப்டி வால்வு என்று நினைத்தேன். ஹீட்டர் ஓடும்போது அது சொட்டினால் பயப்பட வேண்டியதில்லை. 25 லிட்டர் தண்ணீரை 27 டிகிரியிலிருந்து 60க்குச் சூடாக்கினால் சுமார் மூன்றில் ஒரு பங்கு லிட்டர் விரிவடையும், ஒருவழி வால்வு இருக்கிற ஹீட்டரில் அது போக வேறு இடமில்லை. ஆனால் இது அணைத்து வைத்திருந்தபோதும் சொட்டியது. பையன் கேஸ்கெட்டைச் சரியாக உட்காரவைக்கவில்லையோ என்று அடுத்த சந்தேகம். அடிமூடியைக் கழற்றி, எல்லாவற்றையும் துணியால் துடைத்து, தகட்டைச் சுற்றி டிஷ்யூ பேப்பரை ஒட்டி வைத்துவிட்டு ஒரு மணி நேரம் காத்திருந்தேன். பேப்பர் காய்ந்தே இருந்தது. ஓரத்தில் வெளி உறைக்கும் உள் டேங்க்குக்கும் நடுவே இருக்கிற ஃபோமிலிருந்து, தேநீர் நிறத்தில் ஒரு சொட்டு மெதுவாகத் திரண்டு விழுந்தது.

ஃபோமிலிருந்து செந்நிறத்தில் சொட்டினால் டேங்க் ஓட்டை. அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை. வெல்டிங் வைக்கலாமா என்று வைண்டிங் அண்ணனிடம் கேட்டுப் பார்த்தேன். "ஃபோம் எரியும், எனாமல் உருகும், பக்கத்துல இன்னொரு ஓட்ட விழும். விடுங்க தம்பி." ஓட்டை முன்பே இருந்திருக்கிறது, உப்புதான் அதை அடைத்துக்கொண்டிருந்தது. நாங்கள் சுத்தம் செய்து அந்த அடைப்பைத் திறந்துவிட்டோம். ஆனோடு கம்பியாக நிற்பதைப் பார்த்த அந்த நொடியிலேயே வேலையை நிறுத்தியிருந்தால் 1,450 ரூபாய் மிஞ்சியிருக்கும். எட்டு வயது தாண்டிய ஹீட்டரில் யாராவது காயில் மாற்றச் சொன்னால், தகட்டைக் கழற்றியதும் முதலில் அந்த ராடைப் பாருங்கள். அது போயிருந்து, உள்ளிருந்து வருகிற தண்ணீரும் செம்மண் நிறத்தில் இருந்தால், புதுக் காயிலைப் பெட்டியிலிருந்தே எடுக்க வேண்டாம்.

புதிது வாங்கப் போன இடத்தில் கடைக்காரர் மறுபடி 25 லிட்டரைத்தான் காட்டினார். நாலு பேர் என்றால் 25 என்று அவருக்கு ஒரு வாய்ப்பாடு. நான் வீட்டிலேயே கணக்குப் போட்டுப் போயிருந்தேன். மார்கழிக் காலையில் டேங்க் தண்ணீர் 22 டிகிரி இருந்தது, சமையலறைத் தெர்மாமீட்டரில் பார்த்தேன். குளிக்க 40 போதும். 60 டிகிரி வெந்நீர் 15 லிட்டர் இருந்தால், பச்சைத் தண்ணீர் கலந்து சுமார் 32 லிட்டர் கிடைக்கும். எங்கள் பக்கெட்டுக்கு அது இரண்டு. ஒருவர் குளிக்கத் தாராளம். அடுத்த 15 லிட்டர் சூடாக 2,000 வாட் காயிலுக்கு 20 நிமிடம். நாங்கள் நாலு பேரும் ஒரே நேரத்தில் குளிப்பதில்லை. ஷவரில் நின்று குளிப்பவர்களுக்கு இந்தக் கணக்கு ஆகாது, நிமிடத்துக்கு எட்டு, பத்து லிட்டர் போகும். கல்லூரிக்குப் போகும் மகனுக்கு இதில் இன்னும் வருத்தம்தான். மின் சிக்கனத்தைச் சொல்கிற நட்சத்திரக் குறியைப் பார்த்தோம், அதைவிட முக்கியமாக ஆனோடு ராடு தனியாகக் கழற்ற வருமா என்று கேட்டேன். கடைக்காரர் கிடங்கிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்டுச் சொன்னார். 15 லிட்டர், 8,200 ரூபாய்.

கேஸ் கீசர் பாதி விலையில் இருந்தது. ஜன்னல் சரியில்லாத குளியலறைக்குள் அதை மாட்டினால் கார்பன் மோனாக்சைடு மணமில்லாமல் ஆளைக் கொல்லும். விலையைக்கூட முழுதாகக் கேட்கவில்லை.

அதைவிடப் பெரிய முடிவு தண்ணீர் லைன். டிடிஎஸ் மீட்டர் ஒன்று இரவல் வாங்கிப் பார்த்தேன். உப்புத் தண்ணி டேங்க் 1,640. சிறுவாணி 50ஐத் தொடவில்லை. டிடிஎஸ் மொத்த உப்பைத்தான் சொல்லும், கடினத்தன்மையை நேராகச் சொல்லாது. ஆனாலும் இந்த வித்தியாசத்துக்கு வேறு சாட்சி தேவையில்லை. ஹீட்டருக்கு நல்ல தண்ணியைக் கொடுத்துவிடலாம் என்று சொன்னேன். வீட்டில் பூகம்பம்.

"குடிக்கிற தண்ணிய ஊத்திக் குளிக்கிறதா? நல்லாருக்குது நாயம்!" என்றார் அம்மா. சிறுவாணித் தண்ணீரில் கை கழுவினாலே மனசு கேட்காத தலைமுறை. குடத்தோடு தெருக்குழாயில் நின்றவர். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, தண்ணீர் தினமும் வருவதில்லை. என் மனைவி வேறு விதமாகக் கேட்டார்: "ஏங்க, ஒரு நாளைக்கு எவ்வளவு ஆகும், அதச் சொல்லுங்க." நாலு பேருக்கு 60 லிட்டர். ஹீட்டருக்குள் போவது மட்டும்தான் நல்ல தண்ணி, கலக்கிற பச்சைத் தண்ணீர் உப்புத் தண்ணியாகவே இருக்கும். துணி துவைக்கிற மெஷினுக்கு நல்ல தண்ணி லைன் கொடுக்க வேண்டும் என்று மனைவி இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார், அதை நான் இத்தோடு விட்டுவிடச் சொன்னேன். அந்தப் பேரம் இன்னும் முழுதாக முடியவில்லை. தண்ணீரின் கடினத்தன்மையை நீக்குகிற சாஃப்ட்னர் வைப்பதும் ஒரு வழிதான். ஆனால் மாதாமாதம் அதற்கு உப்புப் போட வேண்டும், அந்தத் தண்ணீரில் ஆனோடு ராடும் சீக்கிரம் கரையும்.

பிளம்பர் நல்ல தண்ணி டேங்க்கிலிருந்து ஹீட்டருக்குத் தனி லைன் இழுத்தார். 3,400 ரூபாய். இரண்டு டேங்க்குத் தண்ணீர், வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் கலக்கிற ஒரே மிக்ஸர் குழாயில் சந்திக்கிற வீடுகளில் ஒரு எச்சரிக்கை: மட்டம் வேறு என்றால் மிக்ஸர் வழியாக ஒரு டேங்க் தண்ணீர் இன்னொன்றுக்குள் ஏறிவிடலாம். குடிக்கிற தண்ணீரில் உப்புத் தண்ணீர் கலந்தால் கண்டுபிடிக்கவே நாளாகும். இரண்டு பக்கமும் ஒருவழி வால்வு போடச் சொல்லுங்கள். பழைய வெந்நீர் லைனில் ஒரு முழம் சாதாரண பிவிசி இருந்ததையும் அப்போதுதான் பார்த்தோம், அது வளைந்து தொங்கிக்கொண்டிருந்தது. வெந்நீருக்குச் சூடு தாங்குகிற சிபிவிசி குழாய்தான் போட வேண்டும்.

பொருத்த வந்தவர்கள் பழைய ஆணியிலேயே தொங்கவிடப் பார்த்தார்கள், துளைகளின் தூரம் வேறாக இருந்ததால் தப்பித்தோம். தண்ணீரோடு சேர்த்தால் 15 லிட்டர் ஹீட்டரே சுமார் 25 கிலோ வரும், புதுத் துளை போட்டுப் புது ஆங்கர் போல்ட்தான் வேண்டும். அடியில் ஒன்றரை அடியாவது இடம் விடச் சொன்னேன், காயிலையும் ராடையும் கீழே இழுத்துத்தான் எடுக்க வேண்டும். ப்ளக் பாயிண்ட்டைத் திறந்தால் உள்ளே பிளாஸ்டிக் பழுப்பேறிக் கருகியிருந்தது. அதை எடுத்துவிட்டு 20 ஆம்பியர் டபுள் போல் சுவிட்ச் போட்டோம். அது ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும். இனி அணைத்த ஹீட்டர் மோட்டாருக்குப் பழி வாங்கித் தராது. கரண்ட் கொடுப்பதற்கு முன் வெந்நீர்க் குழாயைத் திறந்துவைத்து, காற்று போய்த் தண்ணீர் சீராக வரும்வரை விட வேண்டும். காலி டேங்க்கில் சுவிட்ச் போட்டால் புதுக் காயில் நிமிடத்தில் கருகும், அதற்கு வாரண்டியும் கிடைக்காது.

பழையதை இரும்புக் கடையில் போட்டோம். தராசில் ஏற்றும்போது அம்மாவும் கூட நின்றார். எங்கள் பழைய வீட்டில் கரி போட்டு எரிக்கிற செம்பு பாய்லர் ஒன்று இருந்தது. தேங்காய்த் தொட்டியைப் போட்டுப் பற்ற வைத்தால் வீடு முழுக்கப் புகை. அதை விற்ற காசில்தான் அப்போது ஒரு மிக்ஸி வாங்கினார். "அது நல்ல செம்பு. இது என்னத்துக்கு ஆவுது" என்றார். 210 ரூபாய்க்கு ஆனது.

நல்ல தண்ணியில் குளிப்பதைப் பற்றி அம்மா ஒரு மாதம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஒரு நாள், சீயக்காய் முன்னைவிடக் கம்மியாகப் போட்டாலே முடி அலசுகிறது என்று என்னிடம் அல்ல, மருமகளிடம் சொன்னார். ஆனாலும் குழாயில் சிறுவாணி வராத நாளில், காலையில் முதல் வேலையாக டேங்க்கை எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "இன்னிக்கு எனக்குப் பச்சத் தண்ணியே போதும்" என்பார்.

ஒரு வருடம் முடிந்ததும், 2025 ஜனவரியில், ஆனோடு ராடைப் பார்க்க ஆள் கூப்பிட்டேன். சர்வீஸ்காரர், "என்ன கம்ப்ளைண்ட்டுங்க?" என்று மூன்று தடவை கேட்டார். கம்ப்ளைண்ட் இல்லை, ராடைப் பார்க்க வேண்டும் என்றேன். கழற்றினார். மேலே அம்மைத் தழும்பு மாதிரி குழிகள், ஆனால் தடிமன் முக்கால்வாசிக்கு மேல் இருந்தது. காயிலில் வெள்ளையாக மெல்லிய ஒரு படலம், துணியால் துடைத்தால் போனது. அடுத்த வருடத்துக்கு ஒரு ராடு இப்போதே கொடுத்துவிடுங்கள் என்றேன். வண்டியில் தேடினார், இல்லை. கடைக்குப் போன் போட்டார், அங்கேயும் இல்லை. "இதை யாருமே கேக்க மாட்டாங்கங்ணா, ஆர்டர் போட்டுத்தான் வரணும்" என்றார். இரண்டாகப் போடச் சொன்னேன். பதினைந்து நாள் கழித்து வந்தன. ஒன்று வைண்டிங் அண்ணன் வீட்டுக்குப் போனது. இன்னொன்று செய்தித்தாளில் சுற்றி, மேலே வாங்கிய தேதியை எழுதி, பரணில் இருக்கிறது.